முறிவில் மாட்டிக்கொண்ட நொதி

சினைப்பைப் புற்றுநோய்க்கு ஒலாபரிப் என்ற மாத்திரை தரப்படும்போது, அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே வரியில்தான் பதில் கிடைக்கும். 'டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் நொதியைத் தடுக்கும், பழுது சேர்ந்துபோய்ப் புற்றுச்செல் செத்துவிடும்.' அவசரத்துக்கு இது போதும். ஆனால் உள்ளே நடப்பது இதைவிட விசித்திரமானது. அந்த நொதியே இல்லாத செல்லை இந்த மருந்து அவ்வளவாகப் பாதிப்பதில்லை. நொதி இருக்க வேண்டும். அது டிஎன்ஏவில் முறிவு உள்ள இடத்தில் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க முடியாமல் போக வேண்டும். அப்போதுதான் மருந்து கொல்கிறது.

அந்த நொதியின் பெயர் பார்ப்-1. பாலி-ஏடிபி-ரைபோஸ் பாலிமரேஸ் என்ற நீண்ட பெயரின் சுருக்கம் அது. மனித உடலில் இந்தக் குடும்பத்துக்கு 17 உறுப்பினர்கள். டிஎன்ஏவைப் பழுதுபார்ப்பதைப் பாடப்புத்தகங்கள் ஓர் அத்தியாயத்திலும், புரதங்களில் நடக்கும் மாற்றங்களை வேறோர் அத்தியாயத்திலும் வைத்திருக்கும். பார்ப் குடும்பத்துக்கு இரண்டிலும் இடம் உண்டு. சொல்லப்போனால், முதல் வேலையை அது இரண்டாவது வேலையின் வழியாகத்தான் செய்கிறது.

அமினோ அமிலங்களைக் கோத்து முடித்ததும் புரதம் தயாராகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அதற்குப் பிறகும் அதன்மேல் எதையாவது ஒட்டுவதும் பிய்ப்பதுமாகச் செல் ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். ஒரு பாஸ்பேட்டை ஒட்டினால் தூங்கிக்கொண்டிருந்த புரதம் விழித்துக்கொள்ளும். யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தைச் சங்கிலியாக ஒட்டினால் பல நேரங்களில் அந்தப் புரதத்தின் கதை முடிந்தது என்று பொருள். பார்ப் குடும்பம் ஒட்டுவது ஏடிபி-ரைபோஸ் என்ற துண்டை. இந்தத் துண்டு தனியாகச் செல்லில் சும்மா கிடைப்பதில்லை. என்ஏடி என்ற மூலக்கூறை இரண்டாக உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு பாதி புரதத்தில் ஏறும். மறுபாதியான நிகோடினமைடு கழன்று வெளியே போகும்.

என்ஏடி யார் என்றால், உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் வினைகளில் எலெக்ட்ரான்களை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கும் மூலக்கூறு. அந்த வேலையில் அது தீர்ந்துபோவதில்லை, சுழன்று சுழன்று பயன்படும். பார்ப் கையில் சிக்கினால் மட்டும் உடைந்தே போகிறது. மறுபடி அதை உருவாக்கச் செல் ஆற்றல் செலவழிக்க வேண்டும். மூலப்பொருள் பி-3 வைட்டமினான நியாசின். அது குறைந்தால் வருவது பெலாக்ரா: வெயில் படும் தோலில் கருத்த தடிப்பு, வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம். தக்காணப் பகுதியில் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளிடம் இந்த நோய் இருந்தது. சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன் இதை ஆராய்ந்து, சோளத்தில் மிகுந்திருக்கும் லூசின் என்ற அமினோ அமிலத்தின்மீது 1960இல் சந்தேகத்தை எழுப்பினார். அது தனிக் கதை. இங்கே நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: பார்ப் போடும் ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு என்ஏடி செலவாகிறது.

இந்த ஒட்டு வேலை மனிதச் செல்லின் தனிச்சொத்து என்று பெருமைப்பட முடியாது. பாக்டீரியாக்கள் இதை ஆயுதமாகவே வைத்திருக்கின்றன. தொண்டை அடைப்பானை உண்டாக்கும் கிருமியின் நச்சு, செல்லுக்குள் புகுந்து இஎஃப்-2 என்ற புரதத்தில் ஒரே ஒரு ஏடிபி-ரைபோஸை ஒட்டிவிடும். அதோடு அந்தச் செல்லில் புரத உற்பத்தி நின்றுவிடும். நச்சின் வினைபுரியும் பகுதியில் ஒரு மூலக்கூறு உள்ளே நுழைந்தாலே ஒரு செல்லைக் கொல்லப் போதும். இந்த வேதியியலை 1968இல் ஜப்பானில் ஒசாமு ஹயாய்ஷியின் ஆய்வகம் வெளிப்படுத்தியது. அந்த வேலையைச் செய்தவர்களில் ஒருவர் இளம் ஆய்வாளராக இருந்த தாசுகு ஹோன்ஜோ. நோய் எதிர்ப்பாற்றலை முடுக்கிவிட்டுப் புற்றுநோயைத் தாக்கும் சிகிச்சைக்காக 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அதே ஹோன்ஜோதான்.

காலராவும் இதே தந்திரம்தான். அதன் நச்சு குடல் செல்லில் உள்ள ஒரு சமிக்ஞைப் புரதத்தில் ஏடிபி-ரைபோஸை ஒட்டுகிறது. அந்தப் புரதம் அணையாத விளக்காகிவிட, குடலிலிருந்து உப்பும் நீரும் கொட்டத் தொடங்குகிறது. காலராக் கிருமி வெளியிடும் நச்சே இதற்குக் காரணம் என்பதை 1959இல் கொல்கத்தாவில் நிறுவியவர் சம்புநாத் தே. உரிய காலத்தில் அவருக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். கக்குவான் இருமல் கிருமியின் நச்சும் இந்த வகைதான். 1996இல் கோழியின் பார்ப் நொதியில் வினை நடக்கும் பகுதியைப் படிகமாக்கி அதன் வடிவத்தைப் பார்த்தபோது, அது இந்த நச்சுகளின் வடிவத்தை ஒத்திருந்தது. நம்மைக் கொல்ல வரும் நச்சும் நம் டிஎன்ஏவைக் காக்கும் நொதியும் உறவுக்காரர்கள்.

பார்ப் கதையின் தொடக்கம் 1963, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரம். பியர் ஷாம்போனும் உடன் வேலை செய்தவர்களும் ஈரல் செல்களின் உட்கருச் சாற்றில், என்ஏடிக்கு முந்தைய படியில் இருக்கும் ஒரு பொருளைச் சேர்த்தார்கள். அடினின் கொண்ட ஏதோ ஒரு நீண்ட சங்கிலி மளமளவென்று வளர்ந்தது. ஆர்என்ஏவின் ஒரு வகையாக இருக்கும் என்று முதலில் கருதினார்கள். சில ஆண்டுகளில் அவர்களும் ஜப்பானில் சுகிமுரா, ஹயாய்ஷி ஆகியோரின் குழுக்களும் அதைப் பிரித்துப் பார்த்து, ஏடிபி-ரைபோஸ் ஒன்றோடொன்று கோத்த புதுவகைச் சங்கிலி என்று கண்டார்கள். பொருள் கிடைத்துவிட்டது. எதற்காக இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. 1980இல் சிட்னி ஷால், பார்பரா டுர்காஸ் குழு, இந்த நொதியைத் தடுத்தால் டிஎன்ஏ முறிவுகள் ஆறத் தாமதமாகின்றன என்று காட்டியபோதுதான் பழுதுபார்ப்போடு அதற்கு உறவு என்பது உறுதியானது.

ஒரு மனிதச் செல்லில் உள்ள டிஎன்ஏவை நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அதில் ஒவ்வொரு நாளும் பல்லாயிரம் பழுதுகள். நீர், ஆக்சிஜன், உடற்சூடு என்று உயிரோடு இருப்பதற்குத் தேவையானவையே அதை அரிக்கின்றன. கெட்டுப்போன எழுத்தை வெட்டி எடுக்கும் நொதிகள் தனியாக இருக்கின்றன. அவற்றைத் தேடிப்போன தோமாஸ் லிண்டால், பால் மோட்ரிச், அஸீஸ் சன்ஜார் ஆகியோரோடு 2015இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார். வெட்டும் வேலை நடக்கும்போது டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் ஒன்று சற்று நேரம் முறிந்துதான் கிடக்கும். தானாக முறிவதும் உண்டு. இந்த ஒற்றை இழை முறிவைக் கண்டுபிடிப்பதுதான் பார்ப்-1இன் முதல் வேலை.

அதன் உடலில் துத்தநாக அணுக்களைப் பிடித்துக்கொண்டிருக்கும் பகுதிகள் உண்டு. அவை முறிந்த இடத்தைத் தொட்டு உணரும். முறிவில் படிந்ததும் நொதியின் உள்ளே இதுவரை வாசலை மறித்துக்கொண்டிருந்த ஒரு பகுதி நெகிழ்ந்துவிடும். வழி திறந்ததும் என்ஏடி உள்ளே வரும், வினை வேகம் பல நூறு மடங்கு ஏறும். நொடிகளுக்குள் பார்ப்-1 தன்மேலும் அக்கம்பக்கத்தில் டிஎன்ஏவைச் சுருட்டிவைத்திருக்கும் ஹிஸ்டோன் புரதங்கள்மேலும் ஏடிபி-ரைபோஸ் சங்கிலிகளை வளர்த்துவிடும். ஒரு சங்கிலியில் இருநூறு அலகுகள் வரைகூட இருக்கலாம், நடுநடுவே கிளையும் விடும். சாலையில் பள்ளத்தைப் பார்த்தவர் பக்கத்து மரத்தில் ஒரு கிளையை ஒடித்து அதில் நட்டுவைத்துவிட்டுப் போவாரே, ஏறக்குறைய அந்த வேலை. பள்ளத்தை அவர் மூடுவதில்லை. பார்ப்-1உம் முறிவைத் தன் கையால் ஒட்டுவதில்லை.

ஒட்டுபவர்கள் வேறு. சங்கிலியைப் பார்த்ததும் எக்ஸ்ஆர்சிசி-1 என்ற புரதம் வந்து அதைப் பற்றிக்கொள்ளும். அதற்கும் சொந்தமாக எந்த வினைத்திறனும் கிடையாது, ஆட்களைத் திரட்டும் மேஸ்திரி வேலைதான். அதன் பின்னால் முனைகளைச் சீராக்கும் நொதி, விட்டுப்போன எழுத்தை நிரப்பும் பாலிமரேஸ், கடைசியில் இழைகளை இணைக்கும் லைகேஸ்-3 எல்லாம் வந்து சேரும். ஹிஸ்டோன்கள்மேல் ஏறிய சங்கிலிகள் சுருண்டிருக்கும் டிஎன்ஏவைத் தளர்த்தி இவர்களுக்கு இடம் தரும்.

இந்த இடத்தில்தான் முக்கியமான விஷயம் இருக்கிறது. முறிவில் பார்ப்-1 உட்கார்ந்திருக்கும் வரை லைகேஸ் அங்கே நெருங்க முடியாது. அது எழுந்து வழிவிட்டாக வேண்டும். எப்படி எழும்? தான் கட்டிய சங்கிலியாலேயேதான். ஒவ்வோர் ஏடிபி-ரைபோஸ் அலகும் இரண்டு பாஸ்பேட்டுகளின் எதிர்மின்னூட்டத்தைக் கொண்டுவருகிறது. டிஎன்ஏவும் முழுக்க எதிர்மின்னூட்டம். சங்கிலி நீள நீள, இரண்டும் ஒன்றையொன்று விலக்கும் விசை கூடி, ஒரு கட்டத்தில் பார்ப்-1 டிஎன்ஏவிலிருந்து கழன்றுவிடும். 1992இல் மசாஹிகோ சட்டோவும் லிண்டாலும் இதைச் சோதனைக்குழாயிலேயே காட்டினார்கள். செல் சாற்றில் பார்ப் இருந்து என்ஏடி இல்லாவிட்டால் பழுதுபார்ப்பு நின்றுபோனது. என்ஏடியைச் சேர்த்ததும் நடந்தது. பார்ப்பையே சாற்றிலிருந்து நீக்கிவிட்டாலும் நடந்தது! ஆள் இல்லாவிட்டால் வேலை எப்படியோ நடக்கிறது, ஆள் இருந்து நகராவிட்டால்தான் வேலை கெடுகிறது. பின்னாளில் மருந்தின் ரகசியமாகத் தெரியவந்தது இந்தச் சோதனைக்குள் அப்போதே இருந்தது. அதைக் கவனித்தவர்கள் குறைவு.

கட்டிய சங்கிலியும் நிற்கக் கூடாது. பார்க் என்ற நொதி சில நிமிடங்களிலேயே அதைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். ஆனால் புரதத்தோடு நேரடியாக ஒட்டியிருக்கும் கடைசி அலகை அதனால் எடுக்க முடியாது. அதற்கென்று ஏஆர்ஹெச்-3 போன்ற வேறு நொதிகள். பார்ப் தன் ஒட்டைப் புரதத்தின் எந்த அமினோ அமிலத்தில் போடுகிறது என்பதில்கூட நெடுநாள் குழப்பம் இருந்தது. குளூட்டமேட், ஆஸ்பார்ட்டேட் என்றுதான் நம்பினார்கள். ஹெச்பிஎஃப்-1 என்ற சிறு புரதம் பார்ப்-1ஓடு சேர்ந்து இயங்குவது 2016இல் தெரியவந்தது. அதையடுத்து வந்த ஆய்வுகள், டிஎன்ஏ பழுதானபோது பெரும்பாலும் ஒட்டப்படுவது செரினில்தான் என்று காட்டின. ஐம்பது ஆண்டுகளாக ஆராயப்பட்ட நொதிக்கு ஒரு கூட்டாளி இருந்தது அதுவரை யார் கண்ணிலும் படவில்லை.

பார்ப்-1 அளவுக்கு மீறி வேலை செய்தாலும் ஆபத்து. மூளையில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு மறுபடி திறக்கும்போது டிஎன்ஏ முறிவுகள் குவியும். நொதி வெறிகொண்டு சங்கிலி கட்ட, செல்லின் என்ஏடி கையிருப்பு காலியாகும், செல் செத்துவிடும். பார்ப்-1 இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குப் பக்கவாதத்தில் மூளைச் சேதம் குறைவாக இருந்தது 1997இல் தெரிந்தது. செல் ஒழுங்காகத் தன்னை மாய்த்துக்கொள்ள முடிவெடுத்தால், காஸ்பேஸ் நொதிகள் பார்ப்-1ஐ இரண்டாக நறுக்கிவிடும். அந்த நறுக்கிய துண்டைத்தான் உலகெங்கும் ஆய்வகங்களில் செல் சாவின் அடையாளமாகப் பார்க்கிறார்கள்.

மற்றப் பதினாறு பேரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பார்ப்-2 மட்டும் பார்ப்-1இன் நெருங்கிய துணை. ஒன்று இல்லாவிட்டாலும் எலி பிழைத்துக்கொள்ளும், இரண்டும் இல்லாவிட்டால் கருவிலேயே இறந்துவிடும். டாங்கிரேஸ் என்ற இருவரில் ஒருவர் குரோமோசோம்களின் முனைகளில் வேலை செய்வதாக 1998இல் தெரியவந்தது. நீண்ட சங்கிலி கட்டத் தெரிந்தவர்கள் இவர்கள் நால்வர்தான். மீதிப்பேரில் பெரும்பாலோர் ஒரே ஒரு அலகை மட்டும் ஒட்டுபவர்கள். பார்ப்-13க்கு அந்தத் திறனும் போய்விட்டது. ஆனாலும் அது சும்மா இல்லை, வைரஸ்களின் ஆர்என்ஏவைப் பிடித்து அழிக்கும் காவல் வேலையில் இருக்கிறது. வைரஸ் தொற்றும்போது இண்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் சுரந்து இந்தக் குடும்பத்தில் பலரை எழுப்பிவிடும். வைரஸும் விடுவதில்லை. கோவிட் வைரஸ் உட்படக் கொரோனா வைரஸ்கள், மனிதச் செல் ஒட்டிய ஏடிபி-ரைபோஸைப் பிய்த்தெடுக்கும் ஒரு பகுதியைத் தங்கள் புரதத்துக்குள்ளேயே வைத்திருக்கின்றன. மேக்ரோடொமைன் என்று அதற்குப் பெயர். அதை அடைக்கும் மருந்தைத் தேடும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

இனி மாத்திரைக்கு வரலாம். டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் சேர்ந்து முறிந்தால் பிழையில்லாமல் சரிசெய்ய பிராக்கா-1, பிராக்கா-2 என்ற மரபணுக்களின் புரதங்கள் தேவை. இவற்றில் ஒன்று பெற்றோரிடமிருந்து பழுதாக வந்த பெண்களில் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 70 சதவீதம் என்று ஒரு பெரிய ஆய்வு 2017இல் கணக்கிட்டது. சினைப்பைப் புற்றுநோய்க்கு பிராக்கா-1இல் 44 சதவீதம், பிராக்கா-2இல் 17 சதவீதம். அவர்கள் உடலின் மற்ற செல்களில் மரபணுவின் நல்ல பிரதி ஒன்று மீதி இருக்கும். புற்றுச்செல்லில் அதுவும் போயிருக்கும். அப்படிப்பட்ட செல்களில் பார்ப்பைத் தடுத்தால் அவை மட்டும் சாகின்றன என்று 2005இல் ஒரே இதழில் இரண்டு ஆய்வுக்கட்டுரைகள் வந்தன. ஒன்று ஷெஃபீல்டில் தாமஸ் ஹெலிடே குழு, மற்றொன்று லண்டனில் ஆலன் ஆஷ்வொர்த் குழு. ஒரு வழி அடைந்தால் செல் பிழைக்கும், இரண்டும் அடைந்தால் பிழைக்காது. பழ ஈக்களில் 1920களிலேயே கவனிக்கப்பட்ட இந்த மரபியல் நிகழ்வு மருந்தாக மாறியது அப்போதுதான்.

விளக்கம் அழகாகப் பொருந்தியது. ஒற்றை முறிவு ஆறாமல் கிடக்கும், டிஎன்ஏ பிரதியெடுக்கும்போது அது இரட்டை முறிவாகும், பிராக்கா இல்லாததால் செல் சாகும். ஆனால் ஒரு முரண் துருத்திக்கொண்டு நின்றது. பார்ப்-1ஐ மரபணுவோடு நீக்கிய செல்களைவிட, பார்ப்-1 இருந்து மருந்தும் கொடுக்கப்பட்ட செல்கள்தான் அதிகம் செத்தன. 2012இல் ஜுன்கோ முராய், ஈவ் பொம்மியே குழு இதை அவிழ்த்தது. மருந்து, என்ஏடி வந்து உட்கார வேண்டிய குழிக்குள் நிகோடினமைடின் சாயலில் நுழைந்துகொள்கிறது. சங்கிலி வளராது. சங்கிலி இல்லையென்றால் விலக்கும் விசையும் இல்லை. பார்ப்-1 முறிவிலேயே மாட்டிக்கொள்கிறது. பிரதியெடுக்க வரும் இயந்திரம் அதில் மோதி நிற்கிறது. அந்தச் சிதைவை நேராக்க பிராக்கா வேண்டும். நொதியின் வினையைத் தடுப்பதில் ஒலாபரிப்பும் டாலசோபரிப்பும் ஏறக்குறைய ஒரே திறனுடையவை. டிஎன்ஏவில் மாட்டவைப்பதில் டாலசோபரிப் பலமடங்கு வலியது, செல்லைக் கொல்வதிலும் அப்படியே. அதனால்தான் அதன் வேளை அளவு 1 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. ஒலாபரிப்பில் ஒரு வேளைக்கு 300 மில்லிகிராம்.

மருந்து சந்தைக்கு வந்த பாதை நேரானதல்ல. இனிபரிப் என்ற மருந்து பார்ப் தடுப்பானாகக் கொண்டாடப்பட்டு 2011இல் பெரிய சோதனையில் தோற்றது. அது உண்மையில் பார்ப்பைச் சரியாகத் தடுக்கவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் குடும்பத்துக்கே கெட்ட பெயர். அதே ஆண்டின் இறுதியில் ஒலாபரிப்பின் அடுத்தகட்டச் சோதனையையும் அஸ்ட்ராஜெனகா நிறுவனம் கைவிடுவதாக அறிவித்தது. பழைய சோதனைத் தரவில் பிராக்கா பழுதுள்ள நோயாளிகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது பலன் தெளிவாகத் தெரிய, மருந்து மீண்டது. 2014 டிசம்பரில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அனுமதி தந்தன. புதிதாகக் கண்டறியப்பட்ட, பிராக்கா பழுதுள்ள முற்றிய சினைப்பைப் புற்றுநோயில், கீமோவுக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் இதை எடுத்துக்கொண்டவர்களில் 67 சதவீதம் பேர் ஏழு ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடு இருந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 46.5 சதவீதம். இந்த நோயில் இது பெரிய வித்தியாசம். பிராக்கா பரிசோதனை செய்யாமலேயே மாத்திரையைப் பற்றிப் பேசுவது இதனால்தான் அரைகுறைப் பேச்சாகிறது.

புற்றுச்செல்லும் தப்பிக்கக் கற்றுக்கொள்கிறது. பழுதான பிராக்கா மரபணுவில் இன்னொரு பிறழ்வு விழுந்து அது மறுபடி படிக்கத்தக்கதாகிவிடுவது 2008இலேயே காணப்பட்டது. சில செல்கள் சங்கிலியை வெட்டும் பார்க் நொதியைத் தொலைத்துவிடுகின்றன. மருந்தின் நடுவிலும் கசிந்து உருவாகும் கொஞ்சநஞ்சச் சங்கிலி வெட்டுப்படாமல் தங்கிவிடுவதால், பார்ப்-1க்குக் கழன்றுகொள்ள வழி கிடைத்துவிடுகிறது. மருந்தை எடுப்பவர்களுக்குப் பெரிய தொல்லை இரத்தசோகை. அரிதாக இரத்தப் புற்றுநோயும் வருவதுண்டு, எனவே இரத்த அணுக்களின் எண்ணிக்கையை விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்றைய மருந்துகள் பார்ப்-1ஓடு பார்ப்-2ஐயும் மாட்டவைக்கின்றன. சிவப்பணு உற்பத்திக்கு பார்ப்-2 தேவை என்பது எலிகளில் தெரிந்திருப்பதால், இரத்தசோகைக்கு அதில் பங்கிருக்கும் என்று கருதுகிறார்கள். பார்ப்-1ஐ மட்டும் தேர்ந்து பிடிக்கும் சாருபரிப் போன்ற மருந்துகள் இப்போது நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு வருகின்றன.